கடல் பிடித்து வைத்த குளிர்

அத்தியாயம் 9

1257-ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் லோம்போக் தீவில் சமலாஸ் என்ற எரிமலை வெடித்தது. மலையின் உச்சி இருந்த இடத்தில் இன்று செகாரா அனாக் என்ற ஏரி கிடக்கிறது. அந்தத் தீவின் பழைய கதைகளைச் சொல்லும் ‘பாபாத் லோம்போக்’ பனையோலையில் எழுதப்பட்ட நூல். மலை சரிந்ததையும், பாமாதான் என்ற ஊர் புதைந்ததையும், உயிர் பிழைத்தவர்கள் மேடு தேடி ஓடியதையும் அது சொல்கிறது. மறு ஆண்டு, உலகின் மறுகோடியில், இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் இருந்த மேத்யூ பாரிஸ் என்ற துறவி 1258-இன் வசந்தம் வராமலே போனதையும், பசியால் லண்டனில் மக்கள் செத்து விழுந்ததையும் எழுதி வைத்தார். லோம்போக் என்று ஒரு தீவு இருப்பதே அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இந்த இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே உள்ள உறவு தெரியவர ஏழரை நூற்றாண்டு ஆனது. கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் ஆழத்திலிருந்து எடுத்த பனித்தண்டுகளில் 1258-ஐ ஒட்டிய அடுக்கில் கந்தகம் மிகுதியாக இருந்தது. இரு துருவங்களிலும் ஒரே சமயத்தில் கந்தகம் படிந்தால் வெடித்த மலை வெப்பமண்டலத்தில்தான் இருந்திருக்க வேண்டும். எந்த மலை என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேடினார்கள். 2013-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஃப்ராங்க் லவின் குழுவினர் சாம்பல் படிவுகளையும் ஓலைச்சுவடியையும் சேர்த்துப் படித்து, சமலாஸ்தான் என்று காட்டினார்கள்.

சென்ற அத்தியாயத்தில் வைக்கிங்குகள் மேற்கே போன வெதுவெதுப்பான நூற்றாண்டுகளைப் பார்த்தோம். அவை முடிந்து ‘சிறு பனியுகம்’ தொடங்கிய கதைக்கு சமலாஸ் சரியான ஆரம்பம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் கதை நிற்காது. எரிமலைக் குளிருக்கு ஆயுள் குறைவு. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பழையபடி ஏறிவிட்டது. மேலடுக்குக் காற்றில் மிதந்து வெயிலைத் திருப்பி அனுப்பும் கந்தகத் துளிகள் அதற்குள் கீழே விழுந்துவிடுகின்றன. சமலாஸ் பினாட்டுபோவைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் அதன் துளிகளும் சில ஆண்டுகளில் விழுந்துதானே இருக்கும்? பிறகு ஏன் வட அட்லாண்டிக்கைச் சுற்றிய நாடுகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, கிட்டத்தட்ட 550 ஆண்டுகள், விட்டு விட்டு உறைந்தன?

சூரியனைக் கை காட்டுவோர் உண்டு. 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன என்பது உண்மை. ஆனால் குளிர் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சூரியனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆரம்பத்தை அதன் தலையில் கட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த ஆரம்பத்தை நாள் குறித்துச் சொன்னவை பாசிகள். கனடாவின் வடக்கே பாஃபின் தீவின் மேட்டு நிலங்களில் சிறிய பனிக்கவிகைகள் உள்ளன. பனியாறுகள் மலைச்சரிவில் நகரும்போது அடியில் உள்ள எல்லாவற்றையும் அரைத்துவிடும். இவை அப்படியல்ல. சமதளத்தில் மெலிதாகப் படிந்து அசையாமல் கிடப்பதால், தாம் மூடிய பாசியையும் செடியையும் வேரோடு அப்படியே வைத்திருக்கின்றன. இப்போது பூமி சூடேறி அவை ஓரங்களில் உருகி வருகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிஃபோர்ட் மில்லர் கோடைதோறும் அங்கே போய், பனியின் விளிம்பில் அப்போதுதான் வெளியே வந்த பாசிகளைச் சேகரித்தார். ஒரு பாசியின் கதிரியக்கக் கார்பன் வயது, பனி அதை மூடிக் கொன்ற ஆண்டைச் சொல்லிவிடும். குளிர் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தால் அந்த ஆண்டுகள் நூற்றாண்டுகளெங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். அவை சிதறவில்லை. பெருங்கொத்தாக 1275-க்கும் 1300-க்கும் இடையே விழுந்தன. இன்னொரு கொத்து 1430-க்கும் 1455-க்கும் இடையே. முதல் கொத்தில் இறந்தவை மீண்டும் துளிர்க்கவே இல்லை. ஒரு தலைமுறைக்குள் கோடைப் பனிக்கோடு கீழே இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

2012-இல் மில்லரும் அவர் குழுவினரும் கொடுத்த விளக்கத்தைத்தான் இந்த அத்தியாயத்தின் மையமாக எடுத்துக்கொள்கிறேன். 13-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சமலாஸ் உட்பட நான்கு பெரிய வெடிப்புகள் சுமார் பத்தாண்டு இடைவெளிகளில் வந்தன. கணினி மாதிரியில் சூரிய ஒளியைக் கொஞ்சமும் மாற்றாமல் இந்த நான்கை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். துளிகள் விழுந்து வானம் தெளிந்த பிறகும் குளிர் போகவில்லை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டது கடல்.

எப்படி என்று பார்க்க, அந்தக் கடல் சாதாரண நாளில் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் வெயில் குடித்த நீர், புளோரிடாவுக்கும் பஹாமாவுக்கும் இடையிலான நீரிணை வழியாக வெளியேறுகிறது. நொடிக்கு மூன்று கோடி கன மீட்டருக்கும் அதிகமாக அங்கே நீர் பாய்கிறது. உலகின் ஆறுகள் அத்தனையும் சேர்ந்து கடலில் கொட்டுவது நொடிக்குச் சுமார் 12 லட்சம் கன மீட்டர்தான். அந்த வெள்ளத்தில் பெரும்பகுதி அட்லாண்டிக்கின் நடுவிலேயே சுற்றித் திரும்பிவிடுகிறது. ஒரு கிளை மட்டும் ஸ்காட்லாந்தையும் ஐஸ்லாந்தையும் நார்வேயையும் தொட்டுக்கொண்டு வடக்கே போகிறது. வழியெல்லாம் நீராவியை இழப்பதால் அதில் உப்பு அதிகம். நார்வேக்கு அப்பாலும், கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட லாப்ரடார் கடலிலும், குளிர்காற்று அதன் சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. உப்பும் குளிரும் சேர்ந்தால் நீர் கனக்கும். கனத்த நீர் அமிழ்ந்து, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் தெற்கே ஊர்ந்து போகிறது. மேலே காலியாகும் இடத்துக்குத் தெற்கிலிருந்து புதுச் சூடு வந்து சேர்கிறது. நார்வேயின் வடகோடித் துறைமுகங்கள் நடுக்குளிர்காலத்திலும் உறையாமல் இருப்பதற்கு இந்த ஓட்டம் முக்கியக் காரணம்.

ஆழத்தில் குளிர்நீர் இருப்பதை முதலில் அளந்தவர் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். 1751-இல் துணை வெப்பமண்டல அட்லாண்டிக்கில், மூடி திறக்கும் வாளி ஒன்றை ஓராயிரம் மீட்டருக்கும் கீழே இறக்கி நீர் எடுத்தார். மேலே வெயில் கொளுத்த, வாளியில் வந்த நீர் சில்லென்று இருந்தது. அது அடிமைகளை ஏற்றும் கப்பல். மனிதர்கள் சங்கிலியில் கிடந்த அந்தக் கப்பலில், அவர் அந்தக் குளிர்நீரைக் குளிப்பதற்கும் வைன் குளிர வைப்பதற்கும் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறார். கடலியலின் ஒரு முக்கிய அளவீடு அந்த இடத்திலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த நீர் துருவப் பகுதியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ரம்ஃபோர்டு பிரபு 1790-களின் இறுதியில் வாதிட்டார். உப்பு மாறினால் இந்தச் சுழற்சி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவி அங்கேயே தங்கிவிடலாம் என்பதை, இரண்டே பெட்டிகள் கொண்ட கணக்கால் 1961-இல் ஹென்றி ஸ்டொமல் காட்டினார்.

இங்கேதான் எரிமலை கடலைத் தொடுகிறது. சில கோடைகள் தொடர்ந்து பொய்த்தால் ஆர்க்டிக்கின் கடற்பனி பெருகும். கடல்நீர் உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படுவதால் அந்தப் பனிக்கட்டியில் உப்பு மிகக் குறைவு. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரமாக அது தெற்கே மிதந்து, சூடான நீரைத் தொட்டு உருகுகிறது. உருகிய நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் கனமில்லாதது. பாலின் மேல் ஆடை படிவதுபோல அது கடலின் மேல் படிந்து நின்றுவிடும். அடியில் உள்ள சூடு காற்றை எட்டாது, மேல்நீர் அமிழாது, அமிழாததால் தெற்கிலிருந்து வரும் சூடும் குறையும். அடுத்த குளிர்காலத்தில் அதே நீர் எளிதில் உறைந்து இன்னும் பனியாகும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். பனி குளிரை வளர்க்க, குளிர் பனியை வளர்க்க, எரிமலையின் வேலை முடிந்த பிறகும் இந்த வட்டம் தானாகவே சுழன்றுகொண்டிருக்கும்.

ஓட்டம் உண்மையிலேயே தளர்ந்ததா? புளோரிடா நீரிணையின் இரு கரைகளிலும் கடலடிச் சேற்றில் கிடக்கும் நுண்ணுயிர் ஓடுகளிலிருந்து, அங்கே பழைய நீர் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று கணக்கிடலாம். அடர்த்தி வித்தியாசத்திலிருந்து பாய்ச்சலைக் கணக்கிடலாம். டேவிட் லண்ட் தலைமையிலான குழு 2006-இல் வெளியிட்ட முடிவு: சுமார் 1200-க்கும் 1850-க்கும் இடையே பாய்ச்சல் இன்றைக்கு இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பத்து விழுக்காடு சிறிதாகத் தோன்றும். நொடிக்கு 30 லட்சம் கன மீட்டர் என்று சொன்னால் தோன்றாது. உலகின் எல்லா ஆறுகளையும் போல அது இரண்டரை மடங்கு.

பனி தெற்கே இறங்கியதைக் கண்ணால் பார்த்துச் சொன்ன ஒருவர் இருக்கிறார். இவார் பார்டார்சன் என்ற நார்வே குரு, 1341-இல் பெர்கன் நகரிலிருந்து கிரீன்லாந்துக்கு அனுப்பப்பட்டார். 985-ஐ ஒட்டிச் செம்முடி எரிக் அமைத்த குடியிருப்புகள் அங்கே மூன்றரை நூற்றாண்டுகளாக இருந்தன. கிழக்கு, மேற்கு என இரண்டு; ஆடு மாடு, வைக்கோல், சீல் வேட்டை, ஐரோப்பாவுக்கு வால்ரஸ் தந்தம். ஐஸ்லாந்தின் ஸ்னைஃபெல்ஸ்னெஸ் முனையிலிருந்து நேர் மேற்கே பாய் விரித்துப் போவதுதான் பழைய கடல்வழி. பார்டார்சனின் குறிப்பு அந்த வழியைச் சொல்லிவிட்டு, வடக்கிலிருந்து பனி இறங்கி வந்துவிட்டதால் உயிரைப் பணயம் வைக்காமல் இப்போது யாரும் அப்படிப் போக முடியாது என்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த சாட்சி இதுதான். பருவநிலை என்ற எண்ணமே இல்லாத ஒருவர், மாலுமிகளுக்கு வழி சொல்லும்போது, கிழக்குக் கிரீன்லாந்து நீரோட்டத்தில் பனி பெருகிவிட்டதைப் பதிவு செய்துவிட்டார்.

அவர் மேற்குக் குடியிருப்புக்கும் போனார். மனிதர் யாருமில்லை. ஆடுமாடுகள் காவலின்றித் திரிந்தன. கிழக்குக் குடியிருப்பு இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. அங்கே ஹ்வால்சேய் தேவாலயத்தில் 1408 செப்டம்பரில் நடந்த ஒரு திருமணம்தான் அவர்களைப் பற்றிய கடைசி எழுத்து. மணமக்கள் பின்னர் ஐஸ்லாந்துக்குப் போய்விட்டார்கள். கல்லறைகளில் கிடைத்த எலும்புகளின் கார்பனை ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் அவர்கள் உணவில் ஐந்தில் ஒரு பங்கு கடலிலிருந்து வந்ததும், முடிவில் அது ஐந்தில் நான்கு பங்காக ஏறியதும் தெரிந்தது. நிலம் கைவிட்டபோது சீலுக்கு மாறியிருக்கிறார்கள். குளிருக்கு வளைந்து கொடுக்கத் தெரியாமல் அழிந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது அநியாயம். தந்தத்துக்கு ஐரோப்பாவில் விலை விழுந்ததும், 1349-இல் பெர்கனைக் கொள்ளை நோய் தாக்கியதும், நார்வேயிலிருந்து கப்பல் வருவது நின்றதும் சேர்ந்துதான் அவர்களை முடித்தன. கடற்பனி கதவைச் சாத்தியது. தட்டித் திறக்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. 1721-இல் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் அவர்களைத் தேடிப் போனபோது இனுயிட் மக்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பனியில் வாழத் தெரிந்திருந்தது.

1690-கள் இந்தக் குளிரின் உச்சம். 1695-இல் ஐஸ்லாந்தைக் கடற்பனி ஏறக்குறைய முழுவதுமாகச் சூழ்ந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பின்லாந்தில் பஞ்சம் வந்து மக்களில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ மாண்டார்கள். ஸ்காட்லாந்தில் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு பொய்த்தது. பருவநிலை வரலாற்றாய்வுக்குப் பாதை போட்ட ஹியூபர்ட் லாம் நிலத்தைவிட மீனைக் கவனித்தார். ஃபாரோ தீவுகளில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட் மீன் கிடைக்காமல் போயிற்று. இரண்டு டிகிரிக்குக் கீழே போன நீரில் காட் மீன் தங்காது. அப்படியானால் துருவ நீர் ஃபாரோ வரை பரவியிருக்க வேண்டும் என்றார் அவர். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே தோல்படகில் தனியாகத் துடுப்புப் போடும் அந்நியர்களைப் பார்த்ததாகக் குறிப்புகள் உண்டு. பனி தெற்கே வந்ததால் அதன் ஓரமாகவே வந்த இனுயிட்டுகள் அவர்கள் என்று லாம் கருதினார். ஐரோப்பியக் கப்பல்கள் பிடித்து வந்தவர்கள் தப்பியிருக்கலாம் என்போரும் உண்டு. எனக்கு இரண்டாவதே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. மீனின் சாட்சியம்தான் வலுவானது.

இந்தியாவையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். சத்தீஸ்கரின் தண்டக் குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புப் படிவம், 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் பருவமழை பல ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்ததைக் காட்டுகிறது. தக்காணத்தில் துர்காதேவிப் பஞ்சம் என்று பேசப்பட்டது அந்தக் காலத்தில்தான். வட அட்லாண்டிக் குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும் என்பது நிறுவப்பட்ட விஷயம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட வறட்சிகளை அட்லாண்டிக்கோடு நேர்க்கோட்டில் முடிச்சுப் போடுவது இப்போதைக்கு அவசரம்.

ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதாக நினைத்துவிட வேண்டாம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ரான்சுவா லாப்வாந்தும் ரேமண்ட் பிராட்லியும் 2021-இல் கதையை வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கே போன நீர் வழக்கத்தைவிட அதிகச் சூடாக இருந்தது, 1380-களில் அது உச்சத்தைத் தொட்டது என்கிறார்கள். அந்தச் சூடு ஆர்க்டிக் பனியை உருக்கி உடைத்து அட்லாண்டிக்கில் கொட்ட, 1400-க்குப் பிறகு ஓட்டம் சட்டென்று தளர்ந்தது. சூடே குளிரைக் கொண்டு வந்தது என்ற இந்த வாதத்தைப் படித்தபோது நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். லண்டனின் டேவிட் தார்னலி குழு கடலடி நீரோட்டம் விட்டுச் சென்ற வண்டல் மணிகளின் பருமனை அளந்தது. வேகமான நீர் பெரிய மணிகளை விட்டுச் செல்லும். அவர்கள் 2018-இல் சொன்னது: சுழற்சி பெரிதாகத் தளர்ந்தது சிறு பனியுகத்தின் முடிவில், 1850 வாக்கில்தான். அப்படியானால் அதற்கு முந்தைய குளிருக்கு முழுச் சுழற்சியைவிட, கிரீன்லாந்துக்குத் தெற்கே வட்டமிடும் நீரோட்டமும் கடற்பனியும்தான் பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். எந்தக் கிளை, எந்த ஆண்டு என்பதில் சண்டை. நன்னீர் மேலே படிந்தால் கடல் தன் சூட்டை அடைத்து வைத்துக்கொள்ளும் என்பதில் சண்டையில்லை.

ஏனெனில் அது நம் காலத்திலேயே ஒருமுறை, கருவிகளின் முன்னால் நடந்தது. 1960-களில் கிரீன்லாந்தின் மேல் நிலைகொண்ட உயரழுத்தத்தால் வடகாற்று பலமாக வீசி, ஆர்க்டிக் பனியை வழக்கத்துக்கு மேல் வெளியே தள்ளியது. 1968-இல் ஐஸ்லாந்தின் வடக்கு, கிழக்குக் கரைகள் பனியால் அடைபட்டன. ஹெர்ரிங் மீனை நம்பி வளர்ந்த சிக்லுஃபியோர்தூர் போன்ற ஊர்கள் வேலையற்றுப் போயின. அளவுக்கு மீறிப் பிடித்ததும், நீர் குளிர்ந்ததும் சேர்ந்து அந்த மீனை ஒழித்தன. உபரியாக வந்த நன்னீர் சுமார் 2,000 கன கிலோமீட்டர். அது கிரீன்லாந்தைச் சுற்றி லாப்ரடார் கடலுக்குள் நுழைந்தது. அங்கே ‘பிராவோ’ என்ற வானிலைக் கப்பல் நிலையாக நின்று நீரின் சூட்டையும் உப்பையும் அளந்துவந்தது. குளிர்காலந்தோறும் ஆழமாகக் கலந்து அமிழும் நீர், 1969 முதல் மூன்று குளிர்காலங்கள் அமிழவே இல்லை என்பதை அதன் பதிவேடு காட்டுகிறது. பிறகு அந்த உப்புக் குறைந்த நீர்த்திட்டு அட்லாண்டிக்கைக் கடந்து, ஸ்காட்லாந்தின் வடக்கே போய், நார்வேக் கரையோரமாக ஏறி, 1982 வாக்கில் கிரீன்லாந்துக் கடலுக்கே திரும்பி வந்தது. ஒரு சுற்றுக்குப் பதினான்கு ஆண்டுகள்.

லாப்ரடார் கடல் 1972-இன் கடுங்குளிரில் மீண்டும் அமிழத் தொடங்கிவிட்டது. அன்றைக்குத் தொடர்ந்து பனி வரவில்லை. ஒரே தவணை, அதோடு முடிந்தது. 13-ஆம் நூற்றாண்டில் முதல் தவணை கரைவதற்குள் அடுத்த மலை வெடித்தது. 1450-களில் மறுபடி, 1600-இல் பெருவின் ஹுவாய்னபுட்டினா, 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி, 1815-இல் தம்போரா. குளிர் தளர ஆரம்பித்த போதெல்லாம் கடலுக்குப் புதிதாகப் பனி சேர்ந்துகொண்டே இருந்தது. 1850-களுக்குப் பிறகே ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் பின்வாங்கத் தொடங்கின. அவை முன்னேறி வந்த காலத்தில் அடிவாரக் கிராமங்களில் என்ன நடந்தது என்பது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)